டேப் ஒட்டிய திருகு

எல்லோரும் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. வார இறுதி மாலைகளில் மனைவி பாடுவாள், அவள் தம்பி கீபோர்டு வாசிப்பான், இவர் ஸ்பீக்கர் பெட்டியையும் மைக்கையும் கவனித்துக்கொள்வார். உணவகமோ பிறந்தநாள் விருந்தோ, எங்கே கூப்பிட்டாலும் மூன்று பேரும் ஒரு பெட்டியும். பதினோரு வருஷம் அப்படி ஓடியது.

பெட்டி இருபத்தெட்டுக் கிலோ. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒன்றில் இவர், மற்றதில் அவள். "ஒண்ணு, ரெண்டு, தூக்குங்க" என்பாள். பாடுகிறவள் பெட்டி தூக்கலாமா என்று யாராவது கேட்டால், "தனியா விட்டா என்னை மறந்துட்டு இதை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு" என்று சிரிப்பாள்.

அவள் கண்ணை மூடி நாலு மாதம். சனிக்கிழமை பாட வரச் சொல்லி ஓர் உணவகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். தான் பாடுவதாகத் தம்பி சொன்னான். பெட்டிக்கும் ஒரு கை கொடுப்பதாகச் சொன்னான். அந்த இன்னொரு கைப்பிடியை வேறொருவர் பிடிப்பதைப் பார்க்க இவருக்கு மனம் வரவில்லை. ஒரே ஆள் தூக்கக்கூடியதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருவரும் கடைக்குப் போனார்கள்.

விற்பனையாளர் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். "இதைப் பாருங்க சார். பேட்டரி ஆறு மணி நேரம் நிக்கும். சக்கரம் வேற இருக்கு. நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே வரும்."

"குரைக்கவும் செய்யுமா?" என்றான் தம்பி.

பெட்டிக்காரர் வாட் கணக்கைப் பார்த்து வாங்குகிறவர் அல்ல. போன தடவை அவள் கடை நடுவில் நின்று இரண்டு வரி பாட, இவர் கடைசி மூலை வரை நடந்து போய்க் கேட்டுத்தான் வாங்கினார். இப்போது அவளுக்குப் பதில் போன் இருந்தது. அதில் இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது பதிந்த பாட்டு. அவள் போன பிறகு அதைத் திறக்கவே இல்லை.

முதல் பெட்டியில் குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. நாய்க்குட்டியில் சத்தம் இருந்தது, குரல் இல்லை. மூன்றாவது பதின்மூன்று கிலோ, மேலே ஒரே ஒரு கைப்பிடி. அதில் அவள் நேரில் வந்து நின்றாள். மூலைக்கு நடந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

வரிக்கும் வரிக்கும் இடையில் அவள் மூச்சு கேட்டது. இழுத்து, இரைந்து, அடுத்த வரிக்குள் எப்படியோ ஏறிக்கொள்கிற மூச்சு.

இந்த மூச்சைப் பற்றி அப்போதே ஒரு விருந்தில் ஒருவர் சொன்னார். "அக்கா பாடும்போது உஸ் உஸ்னு ஏதோ கேக்குதே." இவர் மைக் கோளாறு என்று நினைத்தார். பழைய பெட்டியில் கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் டிரபிள் திருகைக் குறைத்தார். உஸ் போய்விட்டது. யார் கையும் பட்டு மாறிவிடக் கூடாது என்று திருகின்மேல் கறுப்பு டேப்பும் ஒட்டினார். "அட, இருபது வயசுக் குரலாயிருச்சே" என்று அவளுக்கும் சந்தோஷம்.

ஒரு வருஷம் கழித்து, நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி மருத்துவர் கேட்டார்: "முன்னாடியே வந்திருக்கலாமே. மூச்சு வாங்கினது யாருக்குமே தெரியலையா?"

"இல்ல டாக்டர். குரல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் இவர். பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டதைத்தான் சொன்னார்.

கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவர் முகம் மாறிப் போனதைப் பார்த்த விற்பனையாளர், "பதிவுல கொஞ்சம் இரைச்சல் இருக்கு சார். இதோ, டிரபிளைக் குறைச்சா போயிரும்" என்று திருகில் கை வைத்தார்.

பெட்டிக்காரர் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க. கும்பிட்டுக் கேக்கிறேன், தொடாதீங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்த மூச்சு அவனுக்கும் கேட்டிருந்தது.

"மாமா, வேற கடை பாக்கலாமா?"

"வேணாம் மாப்ள. இதுக்கே பில் போடச் சொல்லு."

சனிக்கிழமை அதை அவரே தனியாகத் தூக்கிப் போனார். குனிந்தபோது ஒண்ணு, ரெண்டு என்று வாய் தானாகச் சொன்னது. திருகுகள் எல்லாம் நடுவில் நேராக நின்றன. தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே தம்பி பாடினான். மூன்றாவது பாட்டில் லேசாக இருமிச் சமாளித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் பெட்டிக்காரர் அவன் தோளைப் பிடித்தார். "எத்தனை நாளா இருமல்?"

"சமையல் புகை மாமா. இப்பதான்."

"திங்கக்கிழமை காலையில டாக்டர்கிட்ட போறோம்."

"ஒரு இருமலுக்கா?"

"ஒரு இருமலுக்குத்தான்" என்றார்.