நான் விழுந்த இடத்தைச் சுற்றி

நாற்பத்து மூன்று வயதில், கரை வேட்டியும் கோட்டுமாகச் சக்கரச் சப்பாத்து மாட்டிக்கொண்டு நான் போட்டிக்கு இறங்கியதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு கூடாரம் வந்திருந்தது. உள்ளே வழவழவென்று பலகைத் தளம். சீமையில் பனிக்கட்டி மேல் போடும் வளைவுகளையும் திருப்பங்களையும் இங்கே சக்கரத்தில் போடலாம் என்றார்கள். அந்தக் கலை பற்றிய புத்தகம் ஒன்றை நான் மூன்று தடவை படித்திருந்தேன். புத்தகத்தில் நான் ஒரு தடவைகூட விழவில்லை.

என் கடை வாசலில் மெஷின் போட்டிருந்த தையல்காரர் எதையும் படிக்கவில்லை. ஒரு மாதம் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழகினார். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜெயிப்பவருக்குக் கூடாரத்தில் வாத்தியார் வேலை. விழுந்தாலோ அடுத்தவர் மேல் பட்டாலோ ஆள் வெளியே.

"பத்து வருஷமாத் தோட்டத்துக் கங்காணிமார் கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறேன், மொதலாளி. இது கெடைச்சாப் போதும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகும் நான் பெயர் கொடுத்தேன்.

எட்டுப் பேரும் ஒன்றாக இறங்கினோம். ஏழு பேர் ஆடினார்கள். நான் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கம்பிய விடுங்க! அது எங்கயும் ஓடிப்போயிராது!" ஹாலிஎலயிலிருந்து வந்திருந்த மைத்துனர் கத்தினார்.

விட்டேன். நடுத்தளம் வரை போய் உட்கார்ந்தேன். வேட்டி நாலாபுறமும் விரிந்துகிடந்தது. தையல்காரர் நேரே என்னை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது பார்த்ததுதான் இன்றுவரை எனக்குப் பிடித்த காலாட்டம். என் முழங்காலுக்கு ஒரு விரற்கடை தள்ளிச் சட்டென்று திரும்பி முதுகு காட்டினார். அப்படியே வலது காலிலேயே பின்னோக்கி என்னைச் சுற்றி வளைந்தார். குட்டிக் குட்டியாக நாலு அடி, குறுக்கே ஒரு கால், மறுபடி ஒரு திருப்பம், பின்னோக்கி இன்னொரு சுற்று. தோள் அசையவில்லை. சக்கரச் சத்தம்கூட மெஷின் தையல் மாதிரி சீராக இருந்தது. என் மேல் அவர் விரல்நுனிகூடப் படவில்லை.

பார்க்க வந்திருந்த தோட்டத்துத் துரைமார் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேலை அவருக்குத்தான்.

திரும்பி வரும்போது, புத்தகத்தில் படித்த பெயர்களையெல்லாம் சொல்லி அந்தச் சுற்றைப் பாராட்டித் தீர்த்தேன். "அந்த நேரத்துல அத்தனை அழகா எப்பிடிய்யா தோணுச்சு?"

"தோணவா? உங்க வேட்டி நுனி என் சக்கரத்துல சுத்திக்கிச்சுங்க, மொதலாளி. மெஷின்ல நூல் சிக்குனா சக்கரத்தப் பின்னால உருட்டித்தானே எடுப்போம்? அதத்தான் செஞ்சேன். இல்லாட்டி அம்புட்டுப் பேருக்கு முன்னால வேட்டியும் என்னோடயே வந்திருக்கும்."