மூன்றாம் தண்ணீர்

தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மாவுக்கு இரண்டாவது கீமோ ஊசி ஏறிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா பழைய நூல்சேலைகளைத் துவைத்துத் தூளிக்கென்று மடித்து வைத்திருந்தாள். பிரசவம் அரிமளத்தில், தங்கையின் மாமியார் வீட்டுப் பக்கமே நடந்தது. பேரனை அம்மா செல்போனில்தான் பார்த்தாள்.

மார்பில் வந்த கட்டி, எங்களுக்குத் தெரியவருவதற்குள் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் இறங்கியிருந்தது. நடவு வேலை செய்த முதுகுவலி என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தோம். திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைக் காட்டி என்னிடம் விளக்கினார். வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குப் புரியும்படி சொல்வது என் வேலை. கறையான் தின்ற உத்திரம் மாதிரி, பார்க்க முழுசாக இருக்கும், பாரம் ஏற்றினால் முறியும் என்றேன். குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. எலும்பைக் கெட்டிப்படுத்த மாதம் ஒருமுறை தனியாக ஒரு மருந்து. இன்னொன்றும் இருந்தது. ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். ஊசி மருந்து கட்டியை அடிக்கும்போது அதையும் சேர்த்து அடிக்கிறது. இரண்டாவது வாரம் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துவிடும். மூன்றாவது வாரம் மெல்ல ஏறும். ஏறியதும் அடுத்த ஊசி. குறைந்திருக்கும்போது வெளியாட்கள் யாரும் கிட்டே வரக் கூடாது.

இதை எங்கள் ஊரில் யாரிடம் சொல்வது? முடியாதவளைப் பார்க்க வராமல் இருந்தால்தான் பகை. குளத்தூரிலிருந்து பஸ் வரும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழப் பையோடு யாராவது இறங்கினார்கள். இருமிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்து மறுபடி அட்மிட் செய்யவேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும் யோசனை சொன்னது அம்மாதான்.

“வாசல்ல வேப்பெலையச் சொருகுடா. ஒரு பய உள்ள வரமாட்டான்.”

சொல்லிவிட்டு முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

அம்மை போட்ட வீடு என்று ஊர் விலகி நின்றது. அப்பாவின் தங்கையான அயித்தைகூட வாசலிலிருந்தே கும்பிட்டு, இளநீரை வைத்துவிட்டுப் போனாள். நாலாவது ஊசி காய்ச்சலில்லாமல் கடந்தது. மூன்றாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் ஏறியிருந்தன. டாக்டரிடம் பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அடுத்த ஊசிக்குள் பார்த்துக்கொள்ளலாம், தூக்க மட்டும் கூடாது என்றார்.

உடனே தங்கைக்குப் போன் செய்தேன். வேப்பிலை விஷயம் அதற்கு முன்பே அரிமளம் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மை இல்லை, ஆள் வராமலிருக்கச் செய்தது என்று தங்கை சொல்லிப் பார்த்தாளாம். அவள் மாமியார் போனை வாங்கினார்.

“அம்மையில்லாம எவனாச்சும் வேப்பெலை சொருகுவானா தம்பி? ஒங்கம்மாவுக்கு வந்த வியாதி ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். அம்மை ஒட்டும்ல? மூணு தண்ணி ஊத்துங்க, நானே பிள்ளைய அனுப்பி வைக்கிறேன்.”

மஜ்ஜை, அணு என்று நான் பேசப் பேச அங்கிட்டிருந்து மரியாதையாக ‘ம்’ மட்டும் வந்தது.

அம்மை இறங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றவேண்டும். மூன்றாவது தண்ணீருக்கு மறுநாள் காலை ஐந்தாவது ஊசிக்கு நாங்கள் திருச்சியில் இருக்கவேண்டும். இல்லாத அம்மைக்கு எதற்குத் தண்ணீர் என்று அப்பா கத்தினார்.

“ஊத்திருவோம்,” என்றாள் அம்மா. “எனக்குப் பிள்ள வரணும்.”

மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, கிருமி சாகட்டும் என்று தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தேன். பிறகு மூடி, ஊர் பார்க்க வாசல் வெயிலில் வைத்தேன். அயித்தையிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தோம். அதற்காக அவள் கும்பிடுவதைக் குறைக்கவில்லை. நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து ஊற்றினாள். முடி கொட்டிய தலையில் தண்ணீர் தங்காமல் வழிந்தது.

“சிக்கெடுக்குற வேலை மிச்சம் மதினி,” என்றாள் அயித்தை. அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் அப்பா வேப்பிலையை எடுத்தெறிந்தார். இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, அம்மா காலையிலிருந்தே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம்தான் தங்கை வந்தாள். வந்த வேகத்தில் பிள்ளையை அம்மாவின் தொடைமேல் கிடத்தினாள். அம்மா தூக்கவில்லை. இரண்டு கைகளாலும் இரண்டு பக்கமும் அணை கொடுத்தாள். குனிய முடியாததால் முகத்தோடு முகம் வைக்க வழியில்லை. தங்கை அவன் காலை உயர்த்திப் பிடித்தாள். அம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“கனமாத்தான் இருக்கான்,” என்றாள் பெருமையாக.

அதற்குள் தங்கை திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஐந்தாவது ஊசி முடிந்து திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் இருந்து அம்மா சொன்னாள்: “இந்த வாட்டி வேப்பெலை வேணாம்டா. மறுபடி மூணு தண்ணிக்கு நம்மகிட்ட நாளில்ல. நீயே வாசல்ல ஒக்காந்து சொல்லு.”

இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பழப் பையோடு வருகிறவர்களை அடுத்த வாரம் வரச் சொல்கிறேன். படித்தவனுக்குச் சொந்தம் எதற்கு என்று என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போகிறார்கள். உள்ளே அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். தொடைமேல் அந்தத் தூளிச்சேலை மடித்தபடி கிடக்கிறது. அணுக்கள் ஏறிவிட்டனவா என்று தினமும் கேட்கிறாள், அரிமளத்திலிருந்து பஸ் ஏறிவிட்டார்களா என்று விசாரிப்பதுபோல.