அறாத கோரை

கோரைத் தண்டை நகத்தால் கீறினால் ஒரு பச்சை வாசனை வரும். பாதி மழை, பாதி உப்பு. கோவளத்தில் மணல்மேட்டுக்குப் பின்னால், தாழம்புதர்களுக்கு நடுவே நீர் கசிந்து நின்ற பள்ளத்தில், யாரும் விதைக்காமல், கடற்காற்று எந்நேரமும் பிடித்து உலுக்கியும் படுத்துவிடாமல், இடுப்புயரத்துக்கு நின்றது அது. மூன்று விளிம்புள்ள ஒற்றைத் தண்டு, உச்சியில் பழுப்பாக ஒரு கொத்துப் பூ, அவ்வளவுதான். அந்தச் சிக்கனத்தின் அழகை வேறெந்தச் செடியிலும் நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, புளிசாதத் தூக்கோடு அங்கே போவோம். கடலுக்கு ஓடும் முன் எனக்குக் கோரைதான். ஒரே தண்டின் இரு முனைகளையும் இருவர் பிடித்து, ஒருவர் படுக்கைவாட்டிலும் மற்றவர் நிலைவாட்டிலுமாக நடுவை நோக்கிக் கிழித்து வரவேண்டும். அறாமல் ஜன்னல்போல் விரிந்தால் "சதுரம்", நினைத்தது நடக்கும். அறுந்தால் நடக்காது.

ஒருமுறை அம்மாவின் தங்கை, டைப்பிஸ்ட்டாக இருந்த என் சித்தியும் வந்திருந்தாள். கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை வீட்டுக்கு மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். "நல்ல எடம்டி, யோசிச்சுட்டே இருக்காத" என்று பஸ்ஸில் வழியெல்லாம் அம்மா. ஜன்னல் பக்கமே திரும்பியிருந்த சித்தி.

"பாப்பா, அந்த முனையப் பிடி. சதுரம் வந்தா சரின்னு சொல்லிடறேன்" என்று பள்ளத்தில் இறங்கியதும் சித்தி ஒரு தண்டை நீட்டினாள்.

கிழித்தோம். சதுரம். எனக்குக் கல்யாணச் சாப்பாடே தெரிந்தது. சித்தி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் மெல்லிசாக ஒன்றைப் பிடுங்கினாள். அதுவும் சதுரம். அதைவிட மெல்லிசு; வெடுக்கென்று இழுத்தாள். வளைந்தது, நெளிந்தது, அறவில்லை.

கூடையோடு போன மீன்காரம்மா நின்றார். "இன்னாம்மா, கோரையாண்ட ஜோசியம் கேட்டுகினு கீறியா? அது அறாது. இஸ்துகினே இருந்தா உன் கைதான் அறும்!"

சித்தி சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

"அக்கா, வேணாம்னு சொல்லிடு. அறுந்துடணும், அறுந்துடணும்னுதான் இவ்ளோ நேரமா இழுத்துட்டிருக்கேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கைத் திறந்தாள். புளிசாதம் மட்டும் சித்தியின் இலையில் கேட்காமலே மறுபடி விழுந்தது.

பிறகு தனக்குப் பிடித்தவரைத்தான் சித்தி கட்டிக்கொண்டாள். அதற்கு எந்தத் தண்டையும் கேட்கவில்லை.

போன மாதம் அவளோடு கோவளம் போனேன். பள்ளத்தை மண்கொட்டித் தூர்த்து மதில் எழுப்பியிருக்கிறார்கள். தாழை இல்லை, மணல்மேடும் இல்லை. மதிலோரச் சாக்கடைக் கசிவில் மட்டும் கொஞ்சம் கோரை, அதே நிமிர்வோடு. ஒன்றைப் பிடுங்கி நீட்டினேன்.

"எனக்குக் கேக்க ஒண்ணுமில்லடி. சும்மா கிழிப்போம்" என்று மறுமுனையைப் பிடித்தாள்.

அந்தப் பச்சை வாசனை வந்தது.