பத்து இலை, அரைக் கிலோ

பண்டமாரானில் எங்கள் கோயில் அன்னதானம் என்றால் சோற்று வாளி என் கையில்தான் இருக்கும். "போதும்" என்று இலைமேல் கையை விரித்தாலும் விடமாட்டேன். விரலிடுக்கு வழியாகவாவது ஒரு கரண்டி விழும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

கிள்ளானில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயிற்சி நிலையத்தில், சுற்றுப்பயணிகளை வீண்விரயம் இல்லாமல் உபசரிக்க ஆறு மாதம் சொல்லித்தந்தார்கள். சேர்ந்தேன். சான்றிதழ் வாங்கினால் ஒரு ஹோட்டலில் வேலை உறுதி. தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

கடைசித் தேர்வு, பத்து விருந்தினருக்கு வாழையிலைச் சாப்பாடு பரிமாறுவது. அவர்கள் எழுந்ததும் இலைகளில் மிஞ்சியதை நிறுப்பார்கள். அரைக் கிலோவைத் தாண்டக்கூடாது.

ஒத்திகையில் இரண்டு கிலோவுக்கு மேல் மிஞ்சியது. என் மகளைவிடச் சின்னவளான பயிற்றுநர் தராசைக் காட்டினாள்.

"ஆன்டி, இது கோயில் இல்லைலா. அவங்க வேணாம்னா வேணாந்தான்."

"கேட்டுக் கேட்டுப் போட்டா கஞ்சம்னு நெனைக்க மாட்டாங்களா மிஸ்?"

"குப்பைக்குப் போற சோத்தப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இலைகளில் மிஞ்சியதை வழித்துப் போட்ட பக்கெட்டை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். நல்ல கனம். வெட்கமாக இருந்தது.

தேர்வன்று முதலில் ஆளுக்கு ஒரே கரண்டி. பிறகு வேண்டுமா என்று கேட்டேன், அவர்கள் சொன்ன அளவே போட்டேன். ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர் இலைமேல் கையை விரித்தார். பழக்கதோஷம், கரண்டி தானாக நீண்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுக்கு இழுத்தேன். அரைவயிற்றோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டேனே என்று அடுத்த இலைக்குப் போகவே மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே என்னைக் கூப்பிட்டு, சோற்றைக் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். போட்டதை வழித்துச் சாப்பிட்டார்.

தராசில் கறிவேப்பிலையும் முருங்கைக்காய்ச் சக்கையும்தான் அதிகம். அரைக் கிலோவுக்குள் அடங்கிவிட்டது. தேர்ச்சி என்றதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

மகள் போன் செய்தாள். "பாஸாம்மா?"

"பாஸ்தான்லா! அத விடு, ஒருத்தரு எங்கிட்ட கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு."

அவளுக்கு அது புரியவில்லை. இருபது வருடமாகப் பரிமாறுகிறேன். அன்றுவரை யாரும் என்னிடம் இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை. கேட்க நான் விட்டதே இல்லை.