புளோவருக்கு வைத்த சந்தனப் பொட்டு

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போவில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. வெப்பப் படம் எடுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாகப் போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் எங்கே சூடு அதிகமோ, அந்த இடம் சின்னத் திரையில் வெள்ளையாகத் தெரியும். பழுதாகி நிற்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகள் நான். எங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு கேமராவைத் தொட்ட பெண் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதும் இல்லை.

ஜெலாப்பாங்கில் ஒரு கையுறை ஆலைக்குத்தான் முதல்முறை என்னைத் தனியாக அனுப்பினார்கள். அதுவும் சும்மா அனுப்பவில்லை. சொதப்பினால் இனி ஆண்களே கேமராவைக் கொண்டுபோகட்டும், நீ ஆபீஸில் உட்கார்ந்து டைப் அடி என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வந்த கோபத்தில் அந்தக் கனத்த பெட்டியை யார் உதவியும் இல்லாமல் வேனில் ஏற்றினேன்.

ஆலைக்குள் போனதும் கேமராவைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜனை ஊற்றினேன். வெள்ளைப் புகை கிளம்ப, வேலையில் இருந்த பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கையுறை காயவைக்கும் அடுப்புகளின் மேல், கம்பி வலைக்குப் பின்னால், சூடான காற்றை ஊதும் பெரிய புளோவர்கள் வரிசையாக ஓடின. கேமராவைத் திருப்பியதும் எனக்குப் பகீர் என்றது. எல்லாப் புளோவரிலும், பேரிங் மூடியின் மேல், ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அத்தனை பேரிங்கும் சொல்லிவைத்தாற்போலக் கெட்டுப்போகுமா?

ஆலையின் மேலாளர் ஒரு சீனர். என் பின்னால் நின்று திரையைப் பார்த்தவர், எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா என்று மலாயில் கேட்டார். நான் கேமராவை விட்டுவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். பளபளவென்று துடைத்த மூடிகளில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

வைத்தவர் பேக்கிங்கில் வேலை பார்த்த ஓர் அக்கா. ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்கள் நின்றிருந்தபோது ஏணி போட்டு ஏறி, ஆயுத பூஜைக்குச் செய்வதை அப்படியே செய்திருக்கிறார்.

"மிஷினுக்குப் போட்டோ புடிக்க வாராங்கன்னு சொன்னாங்க. மூளியாவா நிக்க வைக்கிறது?" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கேமராவுக்குக் காட்டாது. கொதித்தாலும் குளிர்ந்திருப்பதுபோலவே தெரியும். சந்தனம் பூசிய இடம் மட்டும் உள்ளதை உள்ளபடி காட்டும். இதை விளக்கியதும் மேலாளர் நிம்மதியாகக் கிளம்பப் பார்த்தார். நான் நகரவில்லை. உண்மையைச் சொல்வது பொட்டுதான் என்றால், பொட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி அடுப்பின் மேலிருந்த பொட்டு மட்டும் கண்ணைப் பறித்தது.

அந்தப் புளோவரை நிறுத்தச் சொன்னேன். மேலாளர் முகம் மாறிவிட்டது. கப்பலேற வேண்டிய சரக்கு காத்திருக்கிறது, திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் உன் ஆபீஸுக்கு என்ன சொல்வேன் என்று உனக்கே தெரியும் என்றார். தெரியாமல் என்ன? இருந்தாலும் நிறுத்துங்கள் என்றேன்.

கழற்றினார்கள். கிரீஸ் கருகிக் கட்டிப்போயிருந்தது. பேரிங் குண்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், என்னை வைத்துக்கொண்டே எங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டார். அடுத்த முறையும் இந்தப் பெண்ணையே அனுப்புங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அக்கா வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா, சாமிதான் காட்டிக் குடுத்துச்சு."

மூத்தவர்கள் எது சொன்னாலும் தலையாட்டிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு ஆட்டவில்லை.

"சாமி காட்டியிருக்கும், அக்கா. பாத்தது நாந்தான்லா."