ஹம்பேர்க் கோட்டையும் நூற்றுவர் தலைவனும்

பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் இருக்கும்போது கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜேர்மனியோடு இரண்டாம் தடவை சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எதிரிப் படையின் தொப்பியை வைத்திருக்கிறேன் என்பது குற்றம்.

இயேசுவின் பாடுகளைக் காட்டும் எங்கள் கோயில் பாஸ்கு நாடகத்தில் எனக்கு நூற்றுவர் தலைவன் வேஷம். மற்ற ரோம வீரர்களுக்குத் தகரத் தொப்பி. நான் மட்டும் புறக்கோட்டைப் பழைய சாமான் கடையில், உச்சியில் கூர்முனை வைத்த கறுப்புத் தோல் தொப்பி ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தேன். அந்த வேஷம் கிடைக்காத ஒருவர் பொறுக்கமாட்டாமல் மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார். அவருடைய நடிப்புக்கு அந்தக் கடிதம் எவ்வளவோ மேல்.

“இது ஆரின்ர தொப்பி?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக்காரர்.

“ரோமப் படைத்தலைவன்ர, ஐயா.”

“ரோமாபுரியில ஜேர்மன்காரனுக்கு என்ன வேலை? இது ஆமித் தொப்பி. விசாரணை முடியுமட்டும் தொப்பியும் உள்ளுக்கு, நீரும் உள்ளுக்கு.”

மறியலில் கிடப்பதைவிட, வேஷம் அந்த மொட்டைக் கடிதக்காரரிடம் போய்விடுமே என்பதுதான் எனக்குப் பயம். அப்போது சுவரைப் பார்த்தேன். முந்தின மகாயுத்தத்தில் பிடித்த ஜேர்மன் படைத்தொப்பி ஒன்று அங்கே தொங்கியது.

“ஐயா, அதையும் இதையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.”

சுவர்த் தொப்பியின் நெற்றியில் சிறகு விரித்த கழுகு. என்னுடையதில் மூன்று கோபுரக் கோட்டை. துறைமுகத்தில் பத்து வருடம் சரக்குப் பார்த்தவன் நான். சண்டைக்கு முன்பு ஹம்பேர்க்கிலிருந்து வந்த கடிதாசிகளில் அந்தக் கோட்டையைப் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துப் போயிருந்தது.

“கழுகு அரசன்ர படைக்கு, ஐயா. இந்தக் கோட்டை ஹம்பேர்க் பட்டினத்துச் சின்னம். ஒரு பட்டினம் தன்ர சின்னத்தைப் பதிச்சு ஆரின்ர தலையில வைக்கும்?”

அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொலிஸ்காரன்ர தலையில,” என்றார் கடைசியில். குரல் இறங்கிவிட்டது. சட்டைக் கையால் கோட்டையைத் துடைத்துவிட்டுத் தொப்பியை என்னிடம் நீட்டினார். “பழுதாக்கிப் போடாதேயும்.”

பெரிய வெள்ளியன்று சனம் விம்மி விம்மி அழுதது. நான் சிலுவையடியில் தொப்பியோடு நின்றேன். எனக்குப் பின்னால், தகரத் தொப்பிகளில் ஒன்றின் கீழ், மொட்டைக் கடிதக்காரர். “உண்மையாகவே இவர் தேவகுமாரன்” என்று நான் நெஞ்சுருகிச் சொல்லவேண்டிய கட்டம் வந்தது. வாய் காதுவரை போய்விட்டது. எவ்வளவு முயன்றும் அதை மூட முடியவில்லை.

திரை விழுந்ததும் நாடகம் பழக்கிய அண்ணாவியார் என் காதைப் பிடித்துத் திருகினார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.