மொட்டைக் கன்னிக்கால்

எங்கள் ஊர் மடத்துவெளியில் கல்யாணம் என்றால் முதலில் சறோஜினிதேவி அக்காவின் படலையைத்தான் தட்டுவார்கள். கல்யாணப் பந்தலில் கன்னிக்காலாக நடுவதற்கு அவருடைய வேலியிலிருந்து ஒரு முள்முருக்கந்தடி வேண்டும். நட்ட தடி தளிர்த்தால் நல்ல சகுனம். ராசியான வேலி என்று பேரெடுத்ததில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நுனி இலைகள் கசங்காமல் தன் கையாலேயே வெட்டிக் கொடுப்பார்.

பிறகு அந்த இலைகள் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருண்டன. கண்பட்டுவிட்டதென்று அக்கா வேலிக்கே நாவூறு கழித்து, செத்தல் மிளகாயை நெருப்பில் போட்டார். பக்கத்து வீட்டில் நாங்கள் இருமியதுதான் மிச்சம்.

விவசாயப் போதனாசிரியை பிரியவதனி வந்து ஒரு முடிச்சைப் பிளந்து காட்டினார். உள்ளே துளியளவு புழு.

"பூச்சி முட்டையிட்டுத்தான் இப்பிடி வீங்குது அக்கா. இலையோடை தடி எங்கை போகுதோ, அங்கை இதுவும் போகும்."

அக்காவின் முகம் செத்துப்போனது. ஊரில் முருக்கு சுருண்டுகிடந்த வளவுகளுக்கெல்லாம் தடி கொடுத்தவர் அவர்தான்.

அந்த நேரம் பார்த்து மகள் கஜானிக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை எழுவைதீவு. அங்கே முருக்குகளுக்கு இன்னும் நோயில்லை. மாப்பிள்ளையின் தாய் நாகபூசணி, தங்கள் கன்னிக்காலுக்கும் இந்த ராசியான வேலியிலேயே தடி கேட்டார். இலையோடு கொடுத்தால் அந்தத் தீவும் கெடும். மறுத்தால் சம்பந்தம் கசக்கும்.

அக்கா முற்றிய தடியொன்றை வெட்டி, இலை, குருத்து எல்லாவற்றையும் உரித்து எரித்துவிட்டுப் படகில் அனுப்பினார். அன்று பின்னேரமே நாகபூசணியிடமிருந்து போன் வந்தது.

"என்னக்கா, பட்ட தடியோ அனுப்பினியள்?"

அக்கா மழுப்பவில்லை.

"என்ரை வேலியிலை நோய். இலையோடை தந்தா உங்கடை மரங்களும் போயிடும். மனமில்லையெண்டா எறிஞ்சுபோட்டு வேறை நடுங்கோ."

நாகபூசணியின் குரல் இறங்கியது.

"இதையே நடுறம். மொட்டையாத் தெரியாமல் மாவிலையைக் கூடக் கட்டிவிடுறன்."

கல்யாணம் முடிந்து கஜானி எழுவைதீவுக்குப் போனாள். சில கிழமை கழித்து வீடியோவில் அழைத்தாள்.

"அம்மா, கன்னிக்கால் தளிர்த்திட்டுது."

"இலையின்ரை அடிப்பக்கத்தைக் காட்டு பிள்ளை."

கஜானி புரட்டிக் காட்டினாள். ஒரு முடிச்சும் இல்லை. அக்கா போன் திரையை விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்.